ஆச்சரியக்குறியை எடுத்தவள்

பொன்செல்வி பக்கத்து சீட்டுல இருந்த மூணு வருசமும் எனக்கு ஆபீஸுல சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்ல. கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லி நீட்டுற ஒவ்வொரு வரியையும் அவ வாய்விட்டுத் தமிழ்ல ஆக்கிச் சொல்லுவா. "அண்ணே, இவரு எண்ணு கேட்டாராம். நான் எழுத்தக் கொண்டுபோயி நீட்டுறேனாம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு." அம்புட்டுதான். எங்க தப்புன்னு எனக்கே விளங்கிரும். அதே வரிய நான் அரை நாளா முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

இப்ப அந்த சீட்டு காலி. அவள எப்படி அனுப்பினோம்னு சொல்லத்தான் வந்தேன். கவனிங்க, அனுப்பினாங்கன்னு சொல்லல. அனுப்பினோம்.

என் பேரு தாணு. பூர்வீகம் நாஞ்சில் நாடு, வீடு திருவனந்தபுரத்துல வலியசாலைக்குப் பின்னால. கழக்கூட்டத்துல ஒரு கட்டடத்துல அஞ்சாவது மாடியில எங்க கம்பெனி. வெளிநாட்டுல ஒரு நிறுவனம் வயசானவங்களையும் நோயாளிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி அனுப்புது. எந்த வண்டி எந்த வீட்டுக்கு எப்பப் போகணும்னு சொல்ற புரோகிராம் எங்களோடது. அத எவனோ ஒரு புண்ணியவான் ஹாஸ்கெல்ங்கிற மொழியில எழுதி வச்சுட்டு வேலைய விட்டுப் போயிட்டான். கம்பெனியில நூறு பேரு ஜாவா எழுதுவான், நானும் எழுதுவேன். ஹாஸ்கெல்னா எல்லாவனும் கும்பிடு போட்டுட்டு ஓடிருவான். மிஞ்சினது மூணு பேரு. நான், பொன்செல்வி, எங்களுக்கு மேல போள் சார்.

போள் சாரப் பத்தி முதல்ல சொல்லிரணும். அவன் பேரு போள் இல்ல. பால்பாண்டி. அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்து சாலைக் கடைத்தெருவுல மூட்டை தூக்கினவரு. நானும் அவனும் ஒரே காலேஜு. இங்க 'பாண்டி'ன்னா என்னன்னு ஊருக்கே தெரியும். தமிழனக் கேவலமாச் சொல்ற வார்த்தை. பேருலயே அது இருந்தா பிள்ளைங்க சும்மா விடுமா? பெஞ்சுல எழுதி வைப்பானுங்க, பின்னால நின்னு கூவுவானுங்க. பாவம், பட்டிருக்கான். வேலைக்கு வந்தப்போ பாண்டிய வெட்டி எறிஞ்சுட்டு, பால இங்கிலீஷ்ல ஒரு எழுத்து மாற்றிப் போளாக்கிக்கிட்டான். இப்ப ஆபீஸுல பாதிப் பேரு அவன் கோட்டயத்துக் கிறிஸ்தியானின்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கேக்கு வரும், வாங்கி வச்சுக்கிடுவான்.

பொன்செல்வி வந்த முதல் வாரம். போள் யாருன்னு நாந்தான் வாய் சும்மா இருக்காம அவகிட்டச் சொல்லிட்டேன். அவ சந்தோசமா அவன் அறைக்குப் போயி, "சார், நீங்களும் நம்ம ஆளாமே"ன்னு தமிழ்ல சொல்லியிருக்கா. அவன் எழும்பிக் கதவச் சாத்தி, "ஆபீஸில் மலையாளம் மதி, கேட்டோ"ன்னு சொல்லி அனுப்பிட்டான். மலையாளம் போதும்னு அர்த்தம். திரும்பி வந்து சீட்டுல உக்காந்தவ, "அண்ணே, சாரு நம்ம ஆளு இல்லண்ணே, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்"னா. அதுக்குப் பிறகு அவன்கிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்ல. அவனும் பேசினதில்ல. இந்த ஆபீஸுக்கு வந்த ஆறு வருசமா எங்கிட்டயே பேசினதில்ல, கூடப் படிச்சவன்கிட்ட.

அவகிட்ட மலையாளம் மதின்னு சொன்னதே ஒரு வேடிக்கை. பொன்செல்வி பொன்முடி மலையில ஒரு எஸ்டேட் லயத்துல பொறந்தவ. லயம்னா ஒரே கூரைக்குக் கீழ வரிசையா பத்து வீடு, வீட்டுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி. அம்மா முத்தாரம்மாள் கொழுந்து பறிக்கிறவங்க. அப்பா அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாரு. பள்ளிக்கூடம் கீழ வித்துராவுல. காலையில ஒரு பஸ்ஸு, அது போச்சுன்னா அன்னைக்குப் படிப்பு போச்சு. வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். பத்தாம் கிளாஸுல மலையாளப் பாடத்துல பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு. எழுத்து அச்சடிச்ச கணக்கா இருக்கும். கம்பெனி ஓணத்துக்கு அடிக்கிற வாழ்த்து மடலுக்கே எழுத்துப் பிழை பாக்க அவகிட்டத்தான் கொண்டு வருவாங்க.

கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜுல படிச்சா. ஹாஸ்கெல யாரும் சொல்லிக் கொடுக்கல, எங்க புரோகிராம வாசிச்சு வாசிச்சே படிச்சா. புரியாத இடத்த ஒரு நோட்டுல கையால எழுதுவா. இந்த ஃபங்ஷனுக்குள்ள என்ன போகுது, என்ன வெளிய வருதுன்னு அம்பு போட்டு வரைவா. ஒரு தடவ கம்பைலரப் புது வெர்ஷனுக்கு ஏத்தினோம். என் மெஷினுல மட்டும் எதைத் தட்டினாலும் நூறு தப்பு. போள் வந்து, எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடுன்னுட்டுப் போயிட்டான். இவ என் நாற்காலியில உக்காந்து தப்புகளக் கீழ இருந்து மேல வாசிச்சா. "அண்ணே, உங்க வீட்டுல ரெண்டு பேரு குடியிருக்காங்க"ன்னா. பழைய கம்பைலரும் புதுசும் ரெண்டும் கிடந்து, எடிட்டர் ஒண்ணு கூடயும் பில்டு இன்னொண்ணு கூடயும் பேசிக்கிட்டு இருந்துது. பத்து நிமிசம். நான் ரெண்டு நாளு தலையப் பிச்சிருந்தேன்.

எனக்குப் பொறாமை இருந்துதா? இருந்துது. பிறகு பேசுறப்போ இத மறந்துராதீங்க.

மூணு வருசமும் அவளுக்குக் கான்ட்ராக்ட்டுதான். இந்த மே மாசம் பெர்மனன்ட் ஆக்குறோம்னு மேனேஜர் கிரீஷ் சார் வாயால சொல்லியிருந்தாரு. அவளுக்கு அந்தக் கடுதாசி எதுக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். எஸ்டேட் நொடிச்சுப் போயி லயத்துக் கூரைய யாரும் பாக்குறதில்ல. அம்மாவுக்கு இழுப்பு. போன ஜூன் மாச எடவப்பாதி மழையில மூணு வாரம் தார்ப்பாயக் கட்டிக்கிட்டு அதுக்குக் கீழ கிடந்திருக்காங்க. மலையில வண்டி கிடையாது, நெஞ்சடைச்சா வித்துராவுக்கு இறங்குறதுக்குள்ள என்ன வேணாலும் ஆகும். ஸ்ரீகார்யத்துல ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருந்தா. எஸ்டேட் ஆளுன்னதும் வீட்டுக்காரருக்கு மூஞ்சி மாறிட்டு. பெர்மனன்ட் வேலைன்னு கம்பெனிக் கடுதாசி கொண்டு வந்தா சாவி தாரேன்னுட்டாரு. "மழைக்கு முன்னாடி அம்மாவ இறக்கிரணும் அண்ணே"ன்னு தெனமும் ஒரு தடவையாவது சொல்லிருவா.

சரி, இனி அந்தச் சவம் பிடிச்ச ஆச்சரியக்குறிக்கு வாறேன்.

ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி மொழி. நான் ஏசல, அதோட சட்டமே அதுதான். ஒண்ணக் கூட்டுன்னு சொன்னா கூட்டாது. 'கூட்டணும்'னு ஒரு சீட்டு எழுதி வச்சுக்கிடும். விடைய யாராவது கேட்டாத்தான் சீட்டப் பிரிச்சு வேலையப் பாக்கும். யாரும் கேக்கலன்னா சீட்டு மேல சீட்டாச் சேந்துக்கிட்டே போகும். இது வேண்டாம், இப்பவே செய்யின்னு சொல்லணும்னா அந்த இடத்துல ஒரு ஆச்சரியக்குறி போடணும். அதுக்கு நாங்க 'பேங்'னு சொல்லுவோம். ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு தூரம் ஓடிச்சுங்கிற இடத்துல அப்படி ஒரு பேங் இருந்துது.

பிப்ரவரியில ஒரு நாளு, காலை பதினொண்ணு மணி. பன்னெண்டுக்கு வெளிநாட்டுக்காரனுக்கு டெமோ. புரோகிராம் ஏறுன உடனே செத்து விழுது. செல்வி அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சா. ஒரே ஒரு வண்டிக்குத் தூரம் போட வேண்டிய இடம் காலியா வந்திருக்கு. பேங் இருக்கிறதால அந்தக் காலி இடத்த உடனே எண்ணாக்கப் பாக்குது, முடியல, செத்துப் போகுது. முறையாச் சரி பண்ண அரை நாளாவது வேணும். போள் டெமோ அறைக்குள்ள அந்த வெள்ளக்காரங்களோட உக்காந்துட்டான். இவ நிலைமைய மெசேஜுல எழுதினா. திரும்பி ஒரு மெசேஜு வந்துது. ரெண்டே வார்த்தை மலையாளம், இங்கிலீஷ் எழுத்துல.

பேங் மாற்று.

இத ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தோம். செல்வி என் மூஞ்சியப் பாத்தா. "எடுக்கச் சொல்றாருண்ணே. எடுத்தா இப்ப ஓடிரும், சீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. ஆனா மெமரி ஏறுமே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டெமோ ஒரு மணி நேரம், அதுக்குள்ள என்ன ஏறிரப் போகுது. எடுக்கச் சொல்லுதான்லா, எடுத்துரு." என் வாயால சொன்னேன். அவ எடுத்தா. டெமோ ஜம்முன்னு முடிஞ்சுது. போள் வெளிய வந்து எல்லாருக்கும் கை குடுத்தான்.

அன்னைக்குச் சாயங்காலமே அவ அந்தக் காலி இடத்தச் சரி பண்ணிட்டா. மறுநாளு போள்கிட்டப் போயி, பேங்கத் திரும்பப் போட்டுரட்டுமான்னு கேட்டா. "இப்போ தொடண்டா, ரிலீஸ் கழிஞ்ஞு மதி"ன்னுட்டான், இப்பத் தொட வேண்டாமாம். ரிலீஸ் முடிஞ்சும் ஒரு தடவ கேட்டா. நல்லா ஓடுற சாதனத்தத் தொடாதேன்னான். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்துல ஒண்ணும் கிடையாது.

ஏப்ரல்ல ஒரு திங்கக்கிழமை, வெளிநாட்டுல காலை நேரம், புரோகிராம் மூச்சு முட்டிச் செத்துது. வாரக்கணக்காச் சேந்த சீட்டு மெமரி முழுக்க அடைச்சிருக்கு. திரும்ப ஏத்தினா பழைய ஓட்டத்த எல்லாம் வாசிச்சு மறுபடியும் அடைச்சுச் சாகுது. போள் ஓடுறான், பேசுறான், ஜாவா ஆளுங்கள எல்லாம் கூப்பிட்டு வந்து பின்னால நிறுத்துறான். நாலு மணி நேரம். செல்வி அன்னைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு மெடிக்கல் காலேஜுல நின்னா. வந்து சேந்ததும், மெமரி எப்படி ஏறுதுன்னு காட்டுற ஹீப் படத்தப் போட்டுப் பாத்தா, கோடு மலையேறுற கணக்கா ஏறிக்கிட்டே போகுது. நேரா அந்த இடத்துக்குப் போயி பேங்கப் போட்டா. புரோகிராம் எழும்பிருச்சு. ஒரு எழுத்து. ஆனா அந்த நாலு மணி நேரத்துல டயாலிசிஸுக்குப் போக வேண்டிய கிழவங்க வாசல்ல காத்துக் கிடந்திருக்காங்க. நல்லவேளை, உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா வெளிநாட்டுக்காரன் காரணமும் கேட்டான், பேரும் கேட்டான்.

எந்த வரிய யார் கடைசியாத் தொட்டதுன்னு பாக்க ஒரு கருவி உண்டு. அதுக்குப் பேரே பிளேம். யார் தலையில போடலாம்னு கேட்டா பேரச் சொல்லும். கேட்டாங்க. சொல்லிச்சு. பொன்செல்வி.

போளுக்கு அடுத்த மாசம் அந்த வெளிநாட்டுக்காரன் ஆபீஸுலயே போயி ஒரு வருசம் இருக்க ஆர்டர் ஆகியிருந்துது. விசா வந்தாச்சு. பெட்டி வாங்கியாச்சு. இந்த நேரத்துல, பேங்க எடுக்கச் சொன்னது நாந்தான்னு ஒத்துக்கிடுவானா அவன்?

விசாரணைன்னு கிரீஷ் சார் ஒரு மத்தியானம் எங்க மூணு பேரையும் கண்ணாடி அறைக்குள்ள கூப்பிட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா ஹாஸ்கெல் ஒரு எழுத்துத் தெரியாது. செல்வி போனுல அந்த மெசேஜ எடுத்துக் காட்டினா. அழகான மலையாளத்துல, தெளிவா, என் பேர மட்டும் இழுக்காம, நடந்தத எல்லாம் சொன்னா. கிரீஷ் சார் மெசேஜ வாசிச்சுட்டு, "மாற்றுன்னா எடுத்துக் களையறதுதானே, இதுல என்ன சந்தேகம்"னு போளப் பாத்தாரு. மலையாளத்துல அதுதான். மேசை மேல கிடக்குற பாத்திரத்த 'மாற்று'ன்னா அத அங்கிருந்து எடுத்துரணும்.

அப்பத்தான் அந்தப் பய வாயத் தொறந்தான். "சார், அது மலையாளம் அல்ல. தமிழ்."

எனக்குக் காதுல சரியா விழலையோன்னு இருந்துது. அவன் பாட்டுக்கு ஒழுங்கா, நிதானமாச் சொல்லிக்கிட்டே போறான். நானும் தமிழன்தான் சார், என் முழுப் பேரு பால்பாண்டி. இந்தப் பிள்ள எஸ்டேட்டுல இருந்து வந்தது, மலையாளம் அவ்வளவு வராது, அதனால அதுகிட்ட நான் தமிழ்லதான் எழுதுறது. தமிழ்ல மாற்றுன்னா எடுக்கிறதில்ல, ஒண்ணுக்குப் பதிலா வேறொண்ணு வைக்கிறது. அந்த பேங்க அடுத்த இடத்துக்கு மாற்றி வைக்கத்தான் சொன்னேன். அது புரியாம எடுத்துருச்சு.

பாண்டின்னு சொன்னா இருபது வருசமாச் சட்டையப் பிடிக்க வந்தவன், அன்னைக்கு அந்த அறையில தன் வாயால, உரக்க, தெளிவா, பால்பாண்டின்னு சொன்னான். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேந்து வந்துது. பொன்செல்விக்கு மலையாளம் தெரியாதாம்! அட நாசமாப் போறவனே.

ஆச்சரியக்குறிய எதோடயும் மாற்ற முடியாது. ஒண்ணு இருக்கும், இல்லன்னா இருக்காது. அடுத்த இடத்துல ஏற்கெனவே ஒண்ணு இருந்துது. ஹாஸ்கெல் தெரிஞ்ச யாருக்கும் இது விளங்கும். அந்த அறையில அது தெரிஞ்சவங்க மூணே பேரு. ஒருத்தன் பொய் சொல்லுறான், ஒருத்தி மேலதான் குற்றமே. மூணாவது நான்.

எழுத்துலயும் பிடிக்க வழியில்ல. மெட்ராஸ்காரன்னா மாத்துன்னு எழுதியிருப்பான், காட்டிக் குடுத்திருக்கும். நாங்க தெக்கத்திக்காரங்க மாற்றுன்னு ரெண்டு றகரத்த அழுத்தித்தான் சொல்லுவோம். மலையாளத்துக்காரனும் அதே அழுத்தம்தான். இங்கிலீஷ் எழுத்துல போட்டா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

கிரீஷ் சார் என் பக்கம் திரும்பினாரு. "தாணு, நிங்ஙளுடே வீட்டில் நல்ல தமிழல்லே. ஒண்ணு பறஞ்ஞு தா. தமிழில் மாற்றுன்னா ரிமூவ்னு உண்டோ?"

இதுதான் இடம். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. 'சார், போள் இந்த ஆபீஸுல இதுவரைக்கும் ஒரு வார்த்தை தமிழ் எழுதினதும் இல்ல, பேசினதும் இல்ல. அந்த மெசேஜ நானும் பாத்தேன், எடுன்னுதான் நானும் படிச்சேன், நாந்தான் எடுக்கச் சொன்னேன்.' மூச்சு விடுற நேரம் ஆகாது.

ஆனா மனுசன் புத்திய என்னன்னு சொல்ல. பன்னெண்டு வருசமா அந்த ஆபீஸுல என் தமிழுக்கு என்ன மதிப்பு இருந்துது? போனுல அம்மாகிட்டப் பேசினா, தாணு பாண்டி பாஷை பேசுதுன்னு சிரிப்பானுங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அன்னைக்கு முதல் தடவையா ஒரு மேனேஜர், உன் வீட்டுத் தமிழ் நல்ல தமிழ், நீ சொல்லுன்னு கேக்குறாரு. தலைக்கு ஏறிட்டு. செருமிக்கிட்டு நிமிந்து உக்காந்தேன்.

"இல்ல சார். தமிழ்ல மாற்றுன்னா ஒண்ண எடுத்து அந்த எடத்துல இன்னொண்ண வைக்கிறது. துணி மாற்று, பஸ் மாறு, அப்படி. வெறும எடுக்கணும்னா அதுக்கு வேற வார்த்தை இருக்கு. எடு, நீக்கு, அகற்று. நீக்குங்கிறது எழுத்துத் தமிழ், பேச்சுல எடுன்னுதான் வரும். மலையாளத்துலதான் மாற்றுக்கு அந்த ரெண்டாவது அர்த்தம் பிறகு சேந்திருக்கும்னு தோணுது…"

பேசிக்கிட்டே போறேன். ஒரு சொல்லுகூடப் பொய் கிடையாது. கிரீஷ் சார் தலையாட்டிக் குறிச்சுக்கிடுறாரு. போள் மேசையப் பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு உள்ளுக்குள்ள என்ன குளிர்ச்சிங்கிறீங்க! த்தூ.

செல்வி மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் முடிச்சதும் மெதுவாத் தமிழ்ல கேட்டா: "அண்ணே, அன்னைக்கு நீங்க எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அப்பவும் நேரம் இருந்துது. சத்தியமா இருந்துது. போள் தலையத் தூக்கி என்னப் பாத்தான். அந்தக் கண்ணுல கெஞ்சலும் இருந்துது, மிரட்டலும் இருந்துது. இவ்வளவு அழகா விளக்கம் சொல்லிட்டு, இப்ப நானும் அதே மெசேஜ எடுன்னுதான் படிச்சேன்னா கிரீஷ் சார் என்ன நெனப்பாரு? நல்ல தமிழ்க்காரன் மானம் என்ன ஆகும்? அதுவும் போக, நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா அந்த ரிப்போர்ட்டுல என் பேரும் ஏறாதா?

"அது வேற விசயம்லா செல்வி"ன்னேன்.

கிரீஷ் சார் மடிக்கணினிய மூடி, "மதி, மதி, மனசிலாயி"ன்னாரு, புரிஞ்சுட்டுதாம். வெளிய வந்ததும் போள் என் தோளத் தட்டினான். "தாங்க்ஸ்டா மக்களே"ன்னான், தமிழ்ல. ஆறு வருசத்துல எங்கிட்டப் பேசின முதல் தமிழ். அவன் கைய நான் தட்டி விட்டிருக்கணும். விடல.

ரிப்போர்ட்டுல, மேலதிகாரி எழுதினத மொழி புரியாமத் தப்பா எடுத்துக்கிட்டதால நேர்ந்த பிழைன்னு எழுதினாங்க. பத்தாங்கிளாஸுல மலையாளத்துக்கு முதல் மார்க்கு வாங்கினவளுக்கு மொழி புரியலையாம். பெர்மனன்ட் கடுதாசி வரல. கான்ட்ராக்ட்ட மே மாசத்தோட முடிச்சுக்கிடலாம்னு சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, கிரீஷ் சார் நல்ல சர்ட்டிஃபிகேட்டும் குடுத்தாரு. ஸ்ரீகார்யத்து வீட்டுக்காரர் சாவிய வேற யாருக்கோ குடுத்துட்டாரு. போள் பிளேன் ஏறிட்டான். அவன் அறை இப்ப எனக்கு. ஆமா, கேட்டது சரிதான், எனக்குத்தான். ஹாஸ்கெல் தெரிஞ்சவன்னு கம்பெனியில மிஞ்சினது நான் ஒருத்தன்தானே. அந்த அறையில அத நெனச்சுப் பேசினேனான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவேன். அத நீங்க நம்பணும்னு கட்டாயமில்ல.

அவ கடைசி நாளு வரைக்கும் ஒழுங்கா வேலை பாத்தா. எனக்குப் புரியாத இடமெல்லாம் என்னென்னன்னு இருபது பக்கம் எழுதி வச்சுட்டுப் போனா, இங்கிலீஷ்ல. எங்கிட்டப் பேசல. தப்பு வரிய வாய்விட்டு வாசிக்கவும் இல்ல. அந்தக் கடைசி ரெண்டு வாரமும் நான் எத்தனையோ தடவ நாற்காலியத் திருப்பி, வாயத் தொறந்து, மூடிக்கிட்டேன். கிரீஷ் சார்கிட்டப் போயிச் சொல்லிரலாம்னு ஒரு நாளு அவரு அறை வாசல் வரைக்கும் போனேன். அவரு போன்ல இருந்தாரு. திரும்பி வந்துட்டேன். அவரு போன வைக்கிறதுக்கு அஞ்சு நிமிசம் நிக்க முடியாதா என்னால?

மே முப்பத்தொண்ணு. வெளிய மழை பிடிச்சு ரெண்டு நாளாச்சு. சாயங்காலம் அவ பையத் தோளுல போட்டுக்கிட்டு, ஒரு அட்டைப்பெட்டியக் கையில ஏந்திக்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டா. என் சீட்டுக்கு வரல. கீழ போயாவது ஒரு வார்த்தை பேசிரணும்னு நான் முந்தி ஓடி லிஃப்டுக்கிட்ட நின்னேன். 'செல்வி, மன்னிச்சுரு, நாளைக்கே போயிச் சொல்லுறேன்'னு மனசுக்குள்ள கூட்டி வச்சிருந்தேன். லிஃப்டும் வந்துது, அவளும் வந்தா. நான் கதவ மறிச்ச மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன்.

அவ என் மூஞ்சியப் பாக்காம, பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மரியாதையாச் சொன்னா: "சாரே, ஒண்ணு மாறிக்கே."

மூணு வருசத்துல என்ன அவ அண்ணேன்னுதான் கூப்பிட்டிருக்கா. எங்கிட்ட ஒரு சொல்லு மலையாளம் பேசினதில்ல. எத மாற்றணும்னு நான் கேக்கல. எந்த மொழின்னும் யோசிக்கல. சட்டுன்னு வழிய விட்டு ஒதுங்கி நின்னேன். அவ உள்ள போயி, பெட்டியால கீழ் மாடிப் பொத்தான அமுக்கினா.